பிள்ளையின் தாள் பிள்ளைக்கே

பாளையங்கோட்டை
ஏப்ரல் 12

அன்பு மருமகள் பொன்மணிக்கு,

அத்தை எழுதுவது. நீ நடத்தப்போகும் கலை முகாமின் நோட்டீஸும் அட்டவணையும் வந்து சேர்ந்தன. வேலைக்குப் போகும் ஊரைவிட்டு, விடுமுறையை வீரவநல்லூர்ப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியிருக்கிறாயே, உன் அப்பாவிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போனேன்.

பத்து நாளுக்குப் பத்துக் கலை என்று போட்டிருக்கிறாய். அதில் ஏழைத் தூக்கிவிடு. கண்ணாடி ஓவியம், தெர்மகோல் வீடு, ஐஸ்குச்சி விளக்கு, சோப்புப் பொம்மை எல்லாம் போகட்டும். களிமண், வண்ணம், பனையோலை, இந்த மூன்றும் போதும்.

ஒரு நாளைக்கு ஒரு கலை என்று வைத்தால், இரண்டு மணி நேரத்தில் எல்லாப் பிள்ளையும் ஒன்றை முடித்து வீட்டுக்கு எடுத்துப் போயாக வேண்டும். அதற்காக நீ முந்தின நாள் ராத்திரியே அட்டையை வெட்டி, கோடு போட்டு, ஓட்டை குத்தி வைப்பாய். பிள்ளைகளுக்கு மிஞ்சுவது பசை தடவும் வேலைதான். மதியத்தில் இருபத்தைந்து முகமூடி வரிசையாகத் தொங்கும், இருபத்தைந்தும் ஒரே முகத்தோடு. அவை நீ செய்த முகமூடிகள். பிள்ளைகள் உனக்குக் கையாள் வேலை பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதே பிள்ளைகளுக்கு நாலு நாள் தொடர்ந்து களிமண்ணைக் கொடுத்துப் பார். முதல் நாள் அடிப்பார்கள், பிசைவார்கள், பாம்பு உருட்டுவார்கள், சப்பாத்தி தட்டுவார்கள். இரண்டாம் நாள் ஆசை வரும். நெட்டையாக ஒரு ஆளை நிறுத்தப் பார்ப்பார்கள், கால் மடங்கி விழும். மூன்றாம் நாள் ஒரு பிள்ளை காலைத் தடியாக்கும், இன்னொன்று ஆளை உட்கார வைத்துவிடும், வேறொன்று பின்னால் ஒரு மரத்தை வைத்து அதில் சாய்க்கும். யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டீர்கள். அப்படிக் கண்டுபிடித்த பிள்ளை அடுத்த பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டும். நோட்டீஸில் 'குதூகலம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறாயே, அது வருவது அந்த நேரத்தில்தான். மூன்றாம் நாள் வருவதற்குள் பொருளை மாற்றிவிட்டால் அது வராமலே போய்விடும்.

இனி நான் சொல்வதைக் கண்டிப்பு என்றே எடுத்துக்கொள். பிள்ளையின் தாளில் உன் கை படக் கூடாது. கோணலைத் திருத்தக்கூட, "கொஞ்சம் இங்கே ஷேடு கொடுத்தா நல்லாருக்கும்" என்று காட்டக்கூட. ஒரு பிள்ளை வந்து, "அக்கா, குதிரைக்குக் கால் எப்படிப் போடணும்?" என்று கேட்டால் வேறொரு தாளில் வரைந்து காட்டு. அதைவிட நல்லது, அவளை நாலு காலில் நடக்கச் சொல்லி, முட்டி எந்தப் பக்கம் மடங்குகிறது என்று கேட்பது. கரும்பலகையில் மாதிரி வரையவே வேண்டாம். நீ வரைந்த அடுத்த நிமிஷம் பிள்ளை தன் மனசைப் பார்ப்பதை நிறுத்திப் பலகையைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை, மேலே நாலு பறவை. இந்தப் படத்தை நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் எத்தனை தலைமுறையாகத் திருப்பித் திருப்பிப் போட வைத்திருக்கிறோம்! உங்கள் ஊருக்கு மேற்கே பொதிகை படுத்துக் கிடக்கிறது. மொட்டை மாடியில் ஏறினால் அதன் முதுகு முழுக்கத் தெரியும். சூரியன் அதன் பின்னால் இறங்கித்தான் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள், ஏறிப் பார்த்திருக்க மாட்டார்கள். அப்படியிருந்தும் "இயற்கைக் காட்சி" என்றால் அந்த இரண்டு முக்கோணத்தைத்தான் பிள்ளை போடுகிறது, சூரியோதயம் என்று பெயரும் எழுதுகிறது. கண்ணெதிரே இருக்கும் மலையை மறக்கடித்தது நாம் கொடுத்த மாதிரிதான். ஒரு நாள் காலையில் தாளைக் கொடுக்காமல் எல்லாரையும் மாடிக்குக் கூட்டிப் போய் மலையைப் பார்க்க மட்டும் வை. எந்த இடத்தில் உயர்கிறது, எந்த இடத்தில் தணிகிறது என்று விரலால் காற்றில் வரையட்டும். கீழே வந்தபின் தாளைக் கொடு.

வயது விஷயத்தில் தெளிவாக இரு. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை சேர்த்துக்கொள். அதற்குக் கீழே உள்ள சின்னஞ்சிறுசுகளை வேறு நேரத்தில் வரச் சொல். ஏழு எட்டு வயதுப் பிள்ளை அடியில் ஒரு கோட்டை இழுத்து அதன்மேல் எல்லாரையும் நிறுத்தும். வீட்டைப் போட்டால் சுவருக்குள் ஆச்சி படுத்திருப்பதும் அடுப்பில் சோறு கொதிப்பதும் வெளியிலிருந்தே தெரியும். அம்மா வீட்டைவிட உயரமாக இருப்பாள். இதெல்லாம் தப்பு இல்லை, அந்த வயதின் பார்வை அது. வியன்னாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன விக்டர் லோவன்ஃபெல்ட், பிள்ளைகள் வரைவதில் உள்ள இந்தப் படிகளை 1947இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதினார். நான் வகுப்பில் பார்த்தவையும் அதோடு ஒத்துப்போயின.

கவனம் தேவைப்படுவது ஒன்பது பத்து வயதில். அதுவரை தாராளமாக வரைந்த பிள்ளைக்குத் திடீரென்று தன் படம் பிடிக்காமல் போகும். கையால் மறைத்துக்கொண்டு வரையும், ரப்பரால் அழித்து அழித்துத் தாளைக் கிழிக்கும், "எனக்கு வரைய வராது" என்று சொல்லும். பெரியவர்களாகி வரைவதையே விட்டுவிட்டவர்களில் பலர் அந்த வயதில்தான் நின்றிருப்பார்கள். அந்தப் பிள்ளையிடம் "நல்லாத்தானே இருக்கு" என்று சமாதானம் சொல்லாதே, நம்பாது. பார்த்துச் செய்கிற வேலையைக் கொடு. தன் செருப்பை முன்னால் வைத்துத் தாளைப் பார்க்காமல் செருப்பை மட்டும் பார்த்தபடி ஒரே கோட்டில் வரையச் சொல். கோடு கோணும், எல்லாரும் சிரிப்பார்கள், தன் கோணலுக்கு அந்தப் பிள்ளையும் சிரிக்கும். பயம் விலகும். ரப்பரை முகாமுக்குள் விடாதே.

படத்தைப் பார்த்ததும் "சூப்பர்" என்று சொல்வதையும் விட்டுவிடு. "இது என்ன?" என்றும் கேட்காதே; புரியவில்லை போலிருக்கிறது என்று பிள்ளை சுருங்கிவிடும். கண்ணில் பட்டதைச் சொல்: "இந்த மூலை முழுக்கக் கறுப்பா அடிச்சிருக்கியே, இதைப் பத்திச் சொல்லேன்." மீதியை அதுவே சொல்லும். சொல்லாவிட்டாலும் சரிதான்.

இவை நானாகக் கண்டவை இல்லை, தாயி. வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் 1897இல் பிள்ளைகளுக்கென்று தனி ஓவிய வகுப்பு தொடங்கி, அவரவர் மனசில் உள்ளதைச் செய்ய விட்டார். நம் நாட்டில் சாந்திநிகேதனில் படித்த தேவி பிரசாத், வார்தா பக்கம் சேவாகிராமத்தில் காந்தியின் ஆதாரக் கல்விப் பள்ளியில் பல வருஷம் கலை ஆசிரியராக இருந்தார். மட்பாண்டக் கலைஞரும்கூட. கல்வியின் அடித்தளமே கலைதான் என்று அவர் நூலே எழுதியிருக்கிறார். டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குக் கடன் கொடுக்கும் பள்ளிக்கூடங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைப்புத்தான் வரும்.

களிமண்ணுக்குக் காருகுறிச்சிக்குப் போ. உங்களுக்குப் பக்கத்து ஊர், பானை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சலித்து, மணல் கலந்து, மிதித்துப் பதமாக்கிய மண்ணையே விலைக்கு வாங்கிக்கொள். கடையில் விற்கும் கலர் களிமண் வேண்டவே வேண்டாம். மண்ணை ஈரச் சாக்கில் மூடி நிழலில் வைத்தால் பல நாள் கெடாமல் இருக்கும். செய்த உருவங்களை வெயிலில் வைத்தால் வெடிக்கும், நிழலில்தான் உலர வேண்டும். சுடப்போகும் உருவமானால் கட்டைவிரல் பருமனுக்குமேல் எங்கும் கனம் இருக்கக் கூடாது. உள்ளே தங்கும் ஈரம் சூளையில் ஆவியாகி உருவத்தைப் பிளந்துவிடும். பெரிய யானை செய்த பிள்ளைக்கு வயிற்றைக் கீழிருந்து கரண்டியால் குடைந்தெடுக்கச் சொல்லிக் கொடு. பானை வனைகிறவர் ஒருவரை ஒரு நாள் அழைத்து வா. பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாதே, ஒரு நாள் கூலிக்குமேல் கையில் கொடு. தொழிலுக்கு மரியாதை என்பது என்ன என்று பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் படிப்பார்கள்.

வண்ணத்துக்குப் பாதியைக் கடையில் வாங்கு, பாதியைப் பிள்ளைகளே செய்யட்டும். மஞ்சள்தூளைக் கரைத்துத் தாளில் பூசிக் காயவைத்து, சலவை சோப்புத் தண்ணீரைத் தூரிகையில் தொட்டு வரையச் சொல். தொட்ட இடமெல்லாம் சிவக்கும். மஞ்சளில் காரம் பட்டால் நிறம் மாறுகிறது, குங்குமம் செய்யும் அதே முறை. சுண்ணாம்பை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்காதே, கண்ணில் தெறித்தால் ஆபத்து. சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம் இறங்கும், எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும். செம்மண்ணைக் கரைத்து மணல் அடியில் தங்கியதும் மேல் கலங்கலை வடித்துத் தெளியவிட்டால் அடியில் நயமான வண்டல் படியும். அதில் கருவேலம்பிசின் கரைசல் சேர்த்தால் தாளில் உதிராமல் நிற்கும். மஞ்சள் வெயிலில் வெளுத்துப் போகும், செம்மண் போகாது. ஒரே தாளைப் பாதி மறைத்துச் சன்னலோரம் வைத்து அதையும் அவர்களே கண்டுகொள்ளட்டும்.

ஓலைக்கு இது நல்ல பருவம், நுங்குக்காக ஆட்கள் பனை ஏறும் நேரம். குருத்தோலை கேட்டு வாங்கு. காய்ந்த ஓலையானால் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவை. மட்டையின் இரண்டு ஓரத்துக் கருக்கும் அரம் மாதிரி அறுக்கும்; அதை நீக்கிய பிறகே பிள்ளைகளிடம் கொடு. கொட்டான் முடையத் தெரிந்த ஆச்சிகள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள், கேட்டுப் பார். நுங்கு தின்ற கூந்தலில் கம்பைச் செருகி வண்டி ஓட்டுவார்கள் பிள்ளைகள். அதை விளையாட்டென்று ஒதுக்காமல் முகாமுக்குள்ளேயே விடு. அதற்கு யார் சக்கரம் கூட்டுகிறார்கள், யார் ஓட்டுநரைச் செய்து உட்கார வைக்கிறார்கள் என்று பார்.

கட்டண விஷயம் எனக்கு மனசை உறுத்துகிறது. அந்த வட்டாரத்தில் தறி வேலைக்காரர் பிள்ளைகளும் பீடி சுற்றும் அம்மாக்களின் பிள்ளைகளும் நிறைய. கட்ட முடிந்தவர்களிடம் வாங்கு, முடியாதவர்களைச் சும்மா சேர்த்துக்கொள். யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்பது உன் ஒருத்திக்கு மட்டுமே தெரிய வேண்டும். நோட்டீஸில் "வண்ணப் பெட்டி கொண்டுவரவும்" என்ற வரியை அடித்துவிடு. ஒரு பிள்ளை நாற்பத்தெட்டு நிறப் பெட்டியைத் திறக்க, பக்கத்தில் இன்னொன்று முறிந்த கிரயான் துண்டை உள்ளங்கையில் மூடி வைத்திருக்கும். வண்ணம், தூரிகை, தாள் எல்லாம் நடுவில் பொதுவாக இருக்கட்டும். மேலே போட்டுக்கொள்ள வீட்டிலிருந்து அப்பாவின் பழைய சட்டை ஒன்று கொண்டுவந்தால் போதும்.

போட்டி, முதல் பரிசு, இரண்டாம் பரிசு ஒன்றுமே கூடாது. பெற்றோர் கேட்பார்கள். இருபத்தைந்தில் மூன்று பிள்ளைக்குக் கப் கொடுத்தால் மற்ற இருபத்திரண்டும் தங்களுக்கு வராது என்று முடிவு கட்டிவிடும் என்று பொறுமையாகச் சொல். கடைசி நாள் மேடையும் சிறப்பு விருந்தினரும் வேண்டாம். பெற்றோரை வரவழைத்துப் பிள்ளைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார வைத்து அவர்கள் கையிலும் களிமண்ணைக் கொடு. மண்ணைப் பிசைந்து பார்த்த அப்பா, "இது என்ன உருவம், காலும் கையும் சரியில்லையே" என்று பிள்ளையைக் கேட்க மாட்டார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கத்திரி வெயில், ஆகையால் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் முடி. நடுவில் மோரும் சுண்டலும் கொடு. எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று முன்பே கேட்டு எழுதிவை. உன்னோடு பெரியவர்கள் மூன்று பேராவது இருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, உன் சிநேகிதர்களுக்கும் இது பொருந்தும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டு. பெற்றோர் சம்மதமில்லாமல் எந்தப் பிள்ளையின் போட்டோவையும் போனில் போடாதே. கழிப்பறையை முகாமுக்கு முன்பே நீயே போய்ப் பார். பசையை மைதாவில் நீயே காய்ச்சு. போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு, அது விஷம். இடதுகைப் பிள்ளைகளுக்கு அவர்கள் கைக்கேற்ற கத்திரிக்கோல் இரண்டு வாங்கு. கேட்டு அடம்பிடித்தாலும் ஆற்றுக்குக் கூட்டிப் போகாதே, அணையில் தண்ணீர் திறந்தால் தாமிரபரணி சொல்லாமல் ஏறும்.

ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒன்று எப்படியும் வரும். அதை உலுக்காதே. தூரிகை கழுவும் வேலையைக் கொடு, தண்ணீரில் நிறங்கள் கரைவதைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். பத்து நாளும் அப்படியே நின்றாலும் அது பார்த்துக்கொண்டுதான் இருந்தது என்று வீட்டில் சொல்லி அனுப்பு.

திருத்திய அட்டவணையை அனுப்பு. காருகுறிச்சியில் அடுத்த சூளை எந்தத் தேதியில் என்றும், நம் உருவங்களையும் பானைகளுக்கு நடுவே வைத்துச் சுட்டுத் தருவார்களா என்றும் கேட்டு எழுது. அதைப் பொறுத்துக் களிமண்ணை முதல் நாலு நாளில் வைப்பதா, நடுவில் வைப்பதா என்று முடிவு செய்வோம். நானும் அதற்கேற்ப பஸ் ஏறுகிறேன்.

அன்புடன்,
அத்தை