காரம் சேர்த்தால் பிஎச் குறையுமா?

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் மாணவர்களுக்காக எழுதிய 'தரம் பார்த்தலில் பிஎச் கணக்கிடுதல்' கையேட்டை நண்பர் ஒருவர் கொடுத்தனுப்பினார். அமிலம் எது, காரம் எது, மோலார் செறிவை எப்படிப் போடுவது என்பதெல்லாம் உங்களுக்கும் எனக்கும் இடையில் பேச வேண்டிய விஷயமில்லை. நேரே நான்காம் பக்கத்து அட்டவணைக்கு வருகிறேன். அதைப் பார்த்ததும் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

கூம்புக் குடுவையில் 25 மி.லி. அசிட்டிக் அமிலம், 0.1 மோலார். பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு, அதுவும் 0.1 மோலார். முதல் வரியில் காரம் 0 மி.லி., பிஎச் 2.87. சரி. இரண்டாம் வரியில் காரம் 0.1 மி.லி., பிஎச் 2.35. இந்த இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிய கை, தயங்காமல் மூன்றாம் வரிக்கு எப்படிப் போனது? அமிலத்தில் இரண்டு சொட்டு காரம் விழுந்திருக்கிறது. அதனால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது என்கிறது உங்கள் அட்டவணை. எந்தக் குடுவையிலும் அப்படி நடக்காது. நடந்தால் அமிலத்தைப் பற்றி நாம் படித்தது அத்தனையும் பொய்.

தவறு பெருக்கலிலோ மடக்கையிலோ இல்லை. ஹென்டர்சன் - ஹேசல்பாக் சமன்பாட்டில் 0.1-ஐ 24.9-ஆல் வகுத்து, மடக்கை எடுத்து, அசிட்டிக் அமிலத்தின் பிகேஏவான 4.74-உடன் கூட்டினால் 2.35 தான் வரும். அந்தச் சமன்பாட்டை அங்கே கொண்டுபோனதுதான் தவறு. குடுவையில் உள்ள அசிட்டேட் அயனி முழுவதும் காரம் சேர்த்ததால் வந்தது என்று அது எடுத்துக்கொள்கிறது. ஆனால் அமிலம் தானாகவும் பிரிகிறது. 0.1 மி.லி. காரம் சேர்த்த நிலையில், நடுநிலையாக்கலால் வந்த அசிட்டேட் 4 × 10⁻⁴ மோலார் அளவே. தானாகப் பிரிந்து வந்ததோ 1.1 × 10⁻³ மோலார், அதைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பெரியதை விட்டுவிட்டுச் சிறியதை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்து இருபடிச் சமன்பாடாகத் தீர்த்தால் பிஎச் 2.94 வருகிறது. 2.87-இலிருந்து 2.94. காரம் சேர்த்த கரைசல் நடந்துகொள்ள வேண்டிய விதம் அதுதான்.

1 மி.லி. சேர்த்த வரியில் நீங்கள் 3.36 என்று போட்டிருக்கிறீர்கள். சரியான விடை 3.41. 5 மி.லி. வந்துவிட்டால் இரண்டு வழியும் ஒரே விடையைத் தருகின்றன. அதனால் உங்கள் அட்டவணையின் நடுப்பகுதி முழுக்கச் சரியாக இருக்கிறது. மாணவன் நடுப்பகுதியைச் சரிபார்ப்பான், எல்லாம் பொருந்துகிறது என்று நம்புவான், ஓரத்தில் இருக்கும் 2.35-ஐயும் அதே நம்பிக்கையில் மனப்பாடம் செய்வான்.

அந்தச் சமன்பாடு பிறந்த இடம் வேறு, தம்பி. 1908-இல் ஹென்டர்சன் எழுதியதும், 1916-இல் டென்மார்க்கின் ஹேசல்பாக் அதை மடக்கை வடிவத்துக்குக் கொண்டுவந்ததும் இரத்தத்துக்காக. இரத்தத்தில் பைகார்பனேட் லிட்டருக்கு 24 மில்லிமோல் அளவில் இருக்கிறது. ஹைட்ரஜன் அயனி 40 நானோமோல். ஒன்றுக்கு மற்றொன்று ஆறு லட்சத்தில் ஒரு பங்கு. அங்கே ஹைட்ரஜன் அயனியைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் ஒன்றும் கெடாது. கரைந்த கார்பன் டை ஆக்சைடைப் போல் பைகார்பனேட் இருபது மடங்கு, இருபதின் மடக்கை 1.3, அதைப் பிகேஏவான 6.1-உடன் கூட்டினால் 7.4. அழகான கணக்கு. உடம்பு தன் இரத்தத்தை அந்த நடுப்பகுதியிலேயே வைத்துக் காப்பாற்றுகிறது. பியூரெட் அப்படியில்லை. அது சுத்த அமிலத்தில் தொடங்கிச் சுத்தக் காரம் வரை குடுவையை இழுத்துக்கொண்டு போகிறது. தொடக்கத்தில் இந்தச் சமன்பாடு பொய் சொல்லும். சமானப் புள்ளியில் வகுக்கும் எண் சுழியமாகி வாயை மூடிக்கொள்ளும். நீங்களும் 25 மி.லி. வந்ததும் சத்தமில்லாமல் அதைக் கைவிட்டு, நீராற்பகுத்தலுக்குத் தாவிவிட்டீர்கள். ஏன் தாவினோம் என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டாமா? தொடக்கத்துக்கு ஒரு சூத்திரம், நடுவுக்கு ஒன்று, சமானப் புள்ளிக்கு ஒன்று, அதைத் தாண்டினால் இன்னொன்று என்று நான்கை மாணவன் கையில் திணிக்கிறோம். எது எங்கே செல்லும் என்பதை மட்டும் சொல்வதில்லை.

அந்த நான்கும் தேவையே இல்லை என்பது என் நெடுநாள் வாதம். குடுவைக்குள் நான்கே அயனிகள்தான் இருக்கின்றன: சோடியம், ஹைட்ரஜன், அசிட்டேட், ஹைட்ராக்சைடு. கரைசலுக்கு மொத்தத்தில் மின்சுமை இல்லை. ஆகவே சோடியமும் ஹைட்ரஜனும் சேர்ந்த செறிவு, அசிட்டேட்டும் ஹைட்ராக்சைடும் சேர்ந்த செறிவுக்குச் சமம். முதல் சொட்டிலிருந்து கடைசிச் சொட்டு வரை இந்த ஒரு வரி மாறாது. சிக்கல் என்னவென்றால், இத்தனை மி.லி. சேர்த்தால் பிஎச் என்ன என்று கேட்டால் இது முப்படிச் சமன்பாடாகி முறைக்கும். கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். இந்த பிஎச் வர எத்தனை மி.லி. சேர்க்க வேண்டும்? அவ்வளவுதான், கூட்டல் கழித்தல் வகுத்தலில் முடிந்துவிடும்.

செய்முறை இதுதான். ஒரு பிஎச் மதிப்பை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனிச் செறிவை எழுதுங்கள். பிரிகை மாறிலியை, அந்த மாறிலியும் ஹைட்ரஜன் அயனிச் செறிவும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால், அமிலத்தில் எத்தனை பங்கு அசிட்டேட்டாக இருக்கிறது என்பது கிடைக்கும். அந்தப் பங்கை அமிலத்தின் தொடக்கச் செறிவால் பெருக்கி, ஹைட்ரஜன் அயனிச் செறிவைக் கழித்து, ஹைட்ராக்சைடு செறிவைக் கூட்டுங்கள். இது மேல் எண். காரத்தின் செறிவோடு ஹைட்ரஜன் அயனிச் செறிவைக் கூட்டி, ஹைட்ராக்சைடு செறிவைக் கழித்தால் கீழ் எண். மேலதைக் கீழதால் வகுத்து அமிலத்தின் பருமனால் பெருக்கினால் பியூரெட் அளவு வந்துவிடும். உங்கள் கரைசலுக்கே போட்டுப் பார்த்தேன். பிஎச் 3-க்கு 0.19 மி.லி.; 4.74-க்கு 12.5, 7-க்கு 24.86, 10-க்கு 25.05. கரைசல் நீர்த்துப்போவதைத் தனியாகக் கவனிக்க வேண்டியதில்லை, அதுவும் இதற்குள்ளேயே அடங்கிவிட்டது.

நாங்கள் படித்த காலத்தில் கணிப்பான் கிடையாது, கிளார்க் மடக்கை அட்டவணைதான். அட்டை கிழிந்து, ஓரம் கறுத்து, முன்னால் படித்தவர்களின் பெயர்களெல்லாம் உள்ளே எழுதியிருக்கும் புத்தகம். அதை வைத்துக்கொண்டு இருபடிச் சமன்பாட்டுக்கு வர்க்கமூலம் எடுத்து ஒரு வளைகோட்டை வரைவதென்றால் ஒரு மாலைப்பொழுது போய்விடும். எங்கள் பேராசிரியர் ஒருநாள் வரைபடத்தாளைக் கொடுத்து, "பிஎச்சை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பருமனைக் கேளுங்கள்" என்றார். விடுதி வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு புள்ளியாகப் பிரித்துக்கொண்டு, பாஸ்பாரிக் அமிலத்தின் வளைகோடு முழுவதையும் இரவுச் சாப்பாட்டு மணிக்கு முன்னால் முடித்துவிட்டோம். இரண்டு படிகள் கண்ணெதிரே எழுந்தன. மூன்றாவது எழவே இல்லை. மூன்றாவது பிரிகையின் பிகேஏ 12-க்கு மேல். தண்ணீரில் அந்த இடத்தில் காரத்தின் ஹைட்ராக்சைடே எல்லாவற்றையும் மூடிவிடுகிறது என்று அன்றைக்குக் கையால் வரைந்துதான் எனக்குப் புரிந்தது. உங்கள் மாணவர்களுக்குக் கைபேசியிலேயே எக்செல் இருக்கிறது. நூறு புள்ளிகள் போடலாம். முதல் பத்தை மட்டும் கையால் போடச் சொல்லுங்கள்.

திருப்பிப் போட்ட கணக்கு இன்னொன்றையும் வெளிச்சம் போட்டுக் காட்டும். உங்கள் கையேட்டில் "மெத்தில் ஆரஞ்சு இதற்குப் பொருந்தாது" என்று மட்டும் எழுதி நகர்ந்துவிட்டீர்கள். அது நிறம் மாறுவது பிஎச் 3.1 முதல் 4.4 வரை. அந்த இரண்டு எண்களையும் போட்டால் 0.35 மி.லி., 7.8 மி.லி. என்று வருகிறது. அதாவது சிவப்பிலிருந்து மஞ்சளுக்குப் போக ஏழு மி.லி.க்கு மேல் ஆகிறது, அதுவும் வேலை மூன்றில் ஒரு பங்கு முடிவதற்குள்ளேயே. பினால்ப்தலீனுக்கு 8.3, 10 என்று போட்டால் 24.99, 25.05. ஒரே சொட்டு! இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு நிறங்காட்டி அட்டவணையை மனப்பாடம் செய்யும் வேலை இல்லை.

இனி என் இரண்டாவது எரிச்சல். சமானப் புள்ளியில் பிஎச் 8.7218 என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி இரண்டு இலக்கங்கள் எங்கிருந்து வந்தன? பிரிகை மாறிலியை 1.8 × 10⁻⁵ என்று இரண்டு இலக்கத்தில் எடுத்துக்கொண்டீர்கள். வேறு புத்தகத்தில் அது 1.75. மடக்கையில் தசமப் புள்ளிக்குப் பின்னால் நிற்கும் இலக்கங்கள் மட்டுமே உண்மையான இலக்கங்கள். முன்னால் இருப்பது பத்தின் அடுக்கு. 1909-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் இந்த அளவுகோலை ஏற்படுத்தியதே அந்த அடுக்கைச் சுருக்கமாகச் சொல்லத்தான். இரண்டு இலக்கத்தில் தொடங்கினால் 8.72-உடன் நிற்க வேண்டும்.

அந்த 8.72-கூட 25 டிகிரி வெப்பநிலைக்கு உரியது. நம் ஊர்ப் பள்ளி ஆய்வகத்தில் மின்விசிறிக்குக் கீழேயே 30 டிகிரி இருக்கும். அங்கே நீரின் அயனிப் பெருக்கத்தின் அடுக்கு 14 இல்லை, 13.83. நடுநிலைக் கரைசலின் பிஎச்சே 7 இல்லை, 6.92. உங்கள் சமானப் புள்ளி 8.64-க்கு இறங்கிவிடுகிறது. இரண்டாம் தசமத்துக்கே உத்தரவாதம் இல்லாத இடத்தில் நான்காம் தசமத்தை எழுதுவதை நான் பொய் என்றுதான் சொல்வேன்.

காற்றையும் மறந்துவிடாதீர்கள். எங்கள் ஆய்வகத்தில் கரைசல் தயாரித்துக் கொடுத்த உதவியாளர் அண்ணன், சோடியம் ஹைட்ராக்சைடு கரைக்கும் நாளில் காய்ச்சி வடித்த நீரை மறுபடியும் கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்த பிறகே வில்லையைப் போடுவார். திறந்து கிடந்த நீர் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு பிஎச் 5.6 அளவுக்கு இறங்கியிருக்கும் என்ற எண்ணை அவர் படித்தவர் இல்லை. கொதிக்கவைக்காத நீரில் கரைத்தால் இளஞ்சிவப்பு நிற்காமல் ஓடிவிடும் என்பது அவருக்குத் தெரியும். வெள்ளை ஓட்டின் மேல் குடுவையை வைத்து, நிறம் அரை நிமிடம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எங்களை அளவை எழுத விடுவார். என் கண்ணுக்குக் கிடைத்த பயிற்சி அவரிடமிருந்து வந்தது.

இவ்வளவு திட்டிவிட்டு இதைச் சொல்லாமல் முடித்தால் அநியாயம். உங்கள் ஏழாம் பக்கம் அபாரம். கடையில் வாங்கிய வினிகர், பாட்டில் மேல் 4 சதவீதம் என்ற சீட்டு, அதைப் பத்து மடங்கு நீர்த்து 25 மி.லி. எடுத்தால் காரம் ஏறக்குறைய 16.7 மி.லி. ஆக வேண்டும் என்று மாணவர்களைக் கொண்டே முன்கூட்டிச் சொல்லவைத்துவிட்டு, பிறகு பியூரெட்டைத் திறக்கச் சொல்கிறீர்கள். தமிழில் எழுதப்பட்ட எந்தச் செய்முறைக் கையேட்டிலும் இந்த வரிசையை நான் பார்த்ததில்லை. முதலில் செய், பிறகு கணக்கிடு என்றுதான் எல்லோரும் எழுதியிருக்கிறோம். அந்தப் பக்கத்தைப் படித்தபோது திரும்ப வகுப்பறைக்குள் போக வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. பாதி நடுநிலையான இடத்தில் பிஎச்சும் பிகேஏவும் ஒன்றாவதை நீங்கள் விளக்கியிருக்கும் பத்தியும் அதே தரம். அதில் ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள்.

அந்த ஏழாம் பக்கத்தை எழுதிய கைதான் நான்காம் பக்கத்தையும் எழுதியது என்பதால்தான் எனக்கு இத்தனை ஆற்றாமை. இரண்டாம் வரியை 2.94 என்றும், மூன்றாம் வரியை 3.41 என்றும் திருத்துங்கள். நான்கு தசமங்களை இரண்டாக வெட்டி, அட்டவணைத் தலைப்பில் வெப்பநிலையை எழுதுங்கள். பழைய படிகள் ஏற்கெனவே பிள்ளைகள் கைக்குப் போயிருக்கும். புதுப் படியைக் கொடுத்து மாற்றிவிட வேண்டாம். பழைய அட்டவணையையே பலகையில் எழுதி, இதில் நடக்க முடியாத வரி எது என்று வகுப்பைக் கேளுங்கள். முதலில் கண்டுபிடித்த பிள்ளை எப்படிக் கண்டுபிடித்தது என்பதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு வேதியியல் ஆசிரியர்