ஆகாய விமானியின் நன்மதிப்பு

செங்கோட்டை நிலையத்தில் புனலூர் செல்லும் இரயிலில் ஏறுகிறவர் எவரும், இயந்திரத்தை ஓட்டுகிறவர் எவ்வூரார், எவ்வினத்தார், ஆணோ பெண்ணோ என்று வினவுவதில்லை. 1904ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அப்பாதையோ குகைகளையும் பள்ளத்தாக்குகளையும் பதின்மூன்று கண் பாலத்தையும் கடந்து ஆரியங்காவுக் கணவாய் வழியே செல்வது. அச்சத்துக்கு அங்கே இடமில்லாமல் இல்லை. ஆயினும் பழக்கத்தால் நாம் கவலையின்றி உறங்குகிறோம். ஆகாய விமானத்தின் செய்தி வேறு. அதில் ஓட்டுகிறவர் யார் என்னும் வினா நெடுங்காலம் இருந்து வந்தது. அதுவும் பிரயாணிகளைக் காட்டிலும் கம்பெனிகளை நடத்தினோர் உள்ளத்தில் மிகுதியாக இருந்தது என்று கருத வேண்டியிருக்கிறது.

1947ஆம் ஆண்டில் பிரேம் மாத்தூர் என்னும் பெண்மணியார் வர்த்தக விமானம் ஓட்டுதற்குரிய அநுமதிப் பத்திரம் பெற்றார். எட்டுக் கம்பெனிகள் அவருக்கு வேலை தர மறுத்தன. பெண் ஓட்டுகிறாள் என்று தெரிந்தால் பிரயாணிகள் அஞ்சுவர் என்பதே சொல்லப்பட்ட காரணம். இக்காரணத்தை மாணவர்கள் சிறிது ஆராய்தல் வேண்டும். நம் நாட்டில் முதல் முதல் வர்த்தக விமானியான பெண் அவரே, ஆதலின் அப்பிரயாணிகளின் அச்சம் எவராலும் சோதித்தறியப்பட்டதன்று, முன்கூட்டியே ஊகித்துக்கொள்ளப்பட்டது. ஈற்றில் ஐதராபாத்திலிருந்த டெக்கான் ஏர்வேஸ் கம்பெனியார் அவரைத் துணை விமானியாக அமர்த்தினர். 1949இல் தேசிய விமானப் பந்தயத்தில் அவர் வெற்றியும் பெற்றார். அதன் பின்னரும் அக்கம்பெனியில் விமானத்தின் தலைமை அவர்பால் ஒப்புவிக்கப்படவில்லை.

அதே 1949ஆம் ஆண்டில் பெங்களூரை அடுத்த ஜக்கூர் விமானப் பயிற்சிப் பள்ளியில் தேறி வெளிவந்தார் சென்னையைச் சார்ந்த உஷா சுந்தரம். மறு ஆண்டு, மதராஸ் அரசாங்கத்தார் வாங்கிய டவ் விமானத்தைத் தம் கணவருடன் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்திற் கொண்டு சேர்த்தார். கணவரும் விமானியாக இருந்ததால் அவருக்கு வழி சற்று எளிதாயிற்று என்று சிலர் கூறக்கூடும். கூறட்டும்; பாலைவனத்தின்மேற் பறக்கும் இயந்திரம் உறவுமுறை பார்த்து ஓடுவதில்லை.

விமானத் தொழிலில் நம்பிக்கைக்கு அளவுகோல் ஒன்றுண்டு. பறந்த மணிகள் ஒவ்வொன்றும் குறிப்பேட்டிற் பதியப்பெறும். நம் நாட்டில் வர்த்தக விமானிக்கு 200 மணிகளும், பெரிய விமானத்தின் தலைமைக்குரிய பத்திரத்துக்கு 1500 மணிகளும் வேண்டும். அதனோடு விடுகிறார்களில்லை, ஆறு திங்களுக்கு ஒருமுறை மீண்டும் சோதனை. நேற்றைய கீர்த்தி இன்றைக்குச் செல்லாது. வேறெத்தொழிலில் இவ்வளவு கண்டிப்பு உண்டென்று நமக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த 200 மணிகளைத் தேடிக்கொள்ள முதலில் ஒருவர் இடந்தர வேண்டுமே! அங்கேதான் இடர்ப்பாடு.

கீர்த்தியே கேடாய் முடிந்த வரலாறும் உண்டு. 1977ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள், கானரித் தீவுகளிலுள்ள தெனெரீஃப் விமான நிலையத்தில் மூடுபனி படர்ந்திருந்தது. ஒல்லாந்து நாட்டுக் கே.எல்.எம். கம்பெனியின் விமானத்துக்குத் தலைவராயிருந்தவர் அக்கம்பெனியின் தலைமைப் பயிற்சியாளருள் ஒருவர். விளம்பரங்களில் அவர் படமே வெளிவந்தது. அருகிலிருந்த துணை விமானிக்குத் தகுதிச் சோதனை நடத்தியவரும் அவரே. உத்தரவு கிடைக்குமுன் அவர் விமானத்தைச் செலுத்த முற்பட்டபோது துணை விமானி ஒருமுறை தடுத்தார். இரண்டாம் முறை தடுக்க அவருக்கு நா எழவில்லை. பின்னாலிருந்த பொறியாளர், அமெரிக்க விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று ஐயுற்றுக் கேட்டார். விலகிவிட்டது என்று தலைவர் உறுதியாகச் சொல்லவே, அவரும் வாளாவிருந்தார். சில கணங்களில் இரு விமானங்களும் மோதின. 583 பேர் மாண்டனர். ஐயுற்றவர் சொல் சரி. ஆனால் சொன்னவரின் பதவி சிறிது.

இத்தகைய விபத்துக்களை ஆராய்ந்தபின் விமானிகளின் பயிற்சி முறையே மாறியது. யுனைடெட் ஏர்லைன்ஸ் கம்பெனியார் 1981இல் ஒரு புதுப் பாடத்தைத் தொடங்கினர். பிறகு உலகெங்கும் அது பரவிற்று. இளையவர் தமது ஐயத்தைத் தயங்காமற் சொல்லவும், மூத்தவர் முகஞ்சுளிக்காமற் கேட்கவும் அதிற் பயிற்றுவிக்கிறார்கள். ஆசிரியர் முன் வாய் திறவாதிருப்பதையே மரியாதை என்று வளர்ந்த நம் போன்றோர்க்கு இப்பாடம் எளிதன்று. வேற்றூரார், சிறுபான்மையோர், பெண்டிர் ஆகியோரைச் சேர்த்துக்கொள்வது தயவினாற் செய்யும் காரியம் என்று எண்ணுவாருண்டு. அறைக்குள் அமரவைத்துப் பேசவிடாவிடில், சேர்த்துக்கொண்டதாலும் பயனில்லை என்பதைத் தெனெரீஃப் காட்டிற்று.

1985இல் சௌதாமினி தேஷ்முக் தலைமையில், முற்றும் பெண்டிரே இயக்கிய பிரயாணி விமானம் நம் நாட்டில் முதன்முறையாகப் பறந்தது. பிரேம் மாத்தூர் மறுக்கப்பட்டு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. இன்று இந்திய விமானிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய பதினைவர் பெண்கள். உலக நாடுகளின் சராசரியை நோக்க இது மிகுதி.

தென்காசி, செங்கோட்டைப் பக்கத்து மாணவ மாணவியர்க்கு விமானத்தைக் கிட்ட நின்று காணவும் திருவனந்தபுரமோ வாகைக்குளமோ செல்ல வேண்டியிருக்கிறது. பயிற்சிக் கட்டணமோ பல இலட்சம் ரூபாய். எவ்வினத்தார், ஆணோ பெண்ணோ என்று கேட்ட வாயில்கள் பெரும்பாலும் திறந்துவிட்டன. இவ்வாயிலில் பணம் எவ்வளவு கொண்டுவந்தாய் என்று கேட்கிறார்கள்; உதவிச் சம்பளங்கள் சிலவே.