தலைகீழாக ஊன்றிய விதை

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அப்பா உங்கள் ஐந்து வயதுத் தங்கையை விதைக் கடைக்கு அழைத்துப் போய் வருகிறார். இருவரும் கொல்லையில் அவரை விதை ஊன்றுகிறார்கள். "அப்பா, விதையைத் தலைகீழா வச்சுட்டா செடி மண்ணுக்குள்ளே போயிடுமா?" என்கிறாள் தங்கை. "போகாதும்மா, அது தானாத் திரும்பிக்கும்" என்கிறார் அப்பா. விடை சரிதான். ஆனால் இருட்டில் கிடக்கும் விதைக்குக் கீழ்ப்பக்கம் எது என்று எப்படித் தெரிகிறது? இதை அவளுக்கு விளக்க வேண்டியவர் நீங்கள்தான்.

முதலில் ஒரு சோதனை. கண்ணாடித் தம்ளரின் உட்புறம் மை ஒற்றும் தாளைச் சுற்றி வைத்து, நடுவில் ஈரப் பஞ்சை அடையுங்கள். இரவு முழுவதும் ஊறிய அவரை விதைகள் நான்கை, தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே வெவ்வேறு திசைகளில் செருகுங்கள். தம்ளரை வெளிச்சம் படாத அலமாரியில் வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில நாள்களில் முளைக்கும் வேர்கள் யாவும் கீழ்நோக்கியே திரும்பும். பிறகு தம்ளரைப் படுக்க வையுங்கள். ஓரிரு நாளில் வேர் நுனிகள் மீண்டும் வளைந்து கீழ்நோக்கும்.

காரணம் வெளிச்சமன்று, ஈரமும் எங்கும் ஒன்றுபோல் உள்ளது. எஞ்சுவது புவியீர்ப்பு. ஆனால் புவியீர்ப்பை நிறுத்திவிட்டுச் சோதிக்க முடியாதே! இதற்கு வழி கண்டவர் இங்கிலாந்தின் தாமஸ் ஆண்ட்ரூ நைட். தம் ஆய்வை அவர் 1806இல் வெளியிட்டார்.

11 அங்குல விட்டமுள்ள சக்கரத்தின் விளிம்பில் அவர் பீன்ஸ் விதைகளைக் கட்டினார். ஓடை நீரின் வேகத்தால் சக்கரம் செங்குத்தாக நின்று சுழன்றது. விதைகள் மேலும் கீழுமாகச் சுற்றியதால் புவியீர்ப்பு ஒரே பக்கமாகச் செயல்பட வாய்ப்பில்லை. மையவிலக்கு விசை மட்டுமே எப்போதும் வெளிநோக்கி இருந்தது. வேர்கள் யாவும் வெளிநோக்கி வளர்ந்தன. தண்டுகள் மையத்தை நோக்கி வளர்ந்தன.

அடுத்து, அதே அளவுள்ள சக்கரத்தைக் கிடைமட்டமாக, நிமிடத்துக்கு 80 முறை சுழற்றினார். வேர்கள் ஏறத்தாழ 45 பாகை சாய்ந்து, வெளிப்புறமும் கீழ்ப்புறமுமாக நீண்டன. ஏன் 45? கணக்கிடுவோம். ஆரம் 0.14 மீட்டர். கோணத் திசைவேகம் வினாடிக்கு 8.38 ரேடியன். அதன் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கினால் 9.8 மீ/வி² வரும். இது புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமம்! இரு சம விசைகளின் தொகுபயன் அவற்றுக்கு நடுவே அமையும் அல்லவா? வேர் அத்திசையில்தான் சென்றது.

வேர் இதை எவ்வாறு உணர்கிறது? நுனியிலுள்ள வேர்மூடியின் செல்களில் கனமான மாவுச்சத்து மணிகள் உள்ளன. வேர் சாய்ந்தால் அவை கீழ்ப்பக்கம் இறங்கிப் படிகின்றன. உடனே ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் அப்பக்கம் கூடுகிறது. வேரில் மிகுதியான ஆக்சின் வளர்ச்சியைக் குறைக்கும். ஆகவே மேற்பக்கம் விரைந்து நீள, வேர் கீழே வளைகிறது. தண்டில் ஆக்சின் வளர்ச்சியைத் தூண்டுவதால், அது மேலே வளைகிறது. இதுவே புவிநாட்டம்.

உங்களுக்கு ஒரு கணக்கு: சக்கரம் நிமிடத்துக்கு 250 முறை சுழன்றால் வேர் எப்படிச் சாயும்? (விடை: மையவிலக்கு விசை புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 10 மடங்கு. வேர் பெரும்பாலும் கிடையாகவே நீளும்.)