கையில் புடைப்பதெல்லாம் நரம்பல்ல

முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "நரம்பே கெடைக்கலையேம்மா" என்கிறார் நர்ஸ். காலையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் எழுந்தவர், "நரம்பு பிடிச்சுக்கிச்சு" என்கிறார். சுளுக்கு எடுப்பவரோ, "நரம்பு பிசகியிருக்கு" என்று எண்ணெயைச் சூடாக்குகிறார். நர்ஸ் தேடியது ரத்தக் குழாயை. கழுத்தில் பிடித்திருப்பது பெரும்பாலும் தசை. சுளுக்கு என்பது மூட்டைக் கட்டியிருக்கும் நாரின் வலி. பேச்சில் இப்படிக் குழம்புவதால் யாருக்கும் கேடில்லை. ஆனால் மெய்யாகவே நரம்பு அடிபட்ட கைக்கும் அதே எண்ணெய், அதே உருவல் என்று போகும்போதுதான் வினை தொடங்குகிறது.

நம்பிக்கை: புறங்கையில் நீலமாகப் புடைத்துத் தெரிவது நரம்பு.

உண்மை: அது சிரை, அதாவது ரத்தக் குழாய். முஷ்டியை இறுக்கினால் மணிக்கட்டில் கயிறுபோல எழும்புவது தசைநாண். நரம்பு வெண்மையானது, பெரும்பாலும் ஆழத்தில் ஒளிந்திருக்கும். அதைத் தொட்டுப் பார்க்க ஓர் இடம் உண்டு. முழங்கையை மடக்குங்கள். முழங்கை முனைக்கும், உட்பக்கம் துருத்தும் எலும்புக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் விரலை வைத்து மெல்ல உருட்டுங்கள். நழுவி ஓடும் தண்டுதான் அல்நார் நரம்பு. கதவு நிலையில் முழங்கை இடித்தால் சுண்டுவிரல் வரை 'கரண்ட்' அடிப்பது இதனால்தான்.

நம்பிக்கை: மூளையிலிருந்து கைக்கு ஒரே நரம்பு நேராக இறங்கி வருகிறது.

உண்மை: நேராக வருவதில்லை, ஜடைபோலப் பின்னிக்கொண்டு வருகிறது. கழுத்தில் முள்ளெலும்புகள் 7. ஆனால் அங்கிருந்து புறப்படும் நரம்புகள் 8 ஜோடி. அவற்றில் 5 முதல் 8 வரையுள்ள நான்கும், மார்புப் பகுதியின் முதல் நரம்பும் சேர்ந்து, பக்கத்துக்கு ஐந்து வேர்கள். இவை கழுத்துத் தசைகளின் இடுக்கில் மூன்று தண்டுகளாகக் கூடுகின்றன. காறை எலும்புக்குப் பின்னால் ஒவ்வொரு தண்டும் இரண்டாகப் பிரிய, அந்தப் பிரிவுகள் அக்குளில் மறுபடி மூன்று வடங்களாகச் சேர்கின்றன. கடைசியில் ஐந்து பெரிய நரம்புகள்: தோளைப் பக்கவாட்டில் தூக்க ஆக்ஸிலரி, முழங்கையை மடக்க மஸ்குலோகியூட்டேனியஸ், மணிக்கட்டை நிமிர்த்த ரேடியல், கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்க்க மீடியன், விரல்களை விரிக்க அல்நார். இந்தப் பின்னலின் பெயர் பிரேக்கியல் பிளெக்ஸஸ். பெரும்பாலான தசைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேர்களிலிருந்து இழை வருவதால், ஒரு வேர் நசுங்கினாலும் கை முழுதாக விழுந்துவிடுவதில்லை.

நம்பிக்கை: கை மரத்துப்போனால் ரத்தம் ஓடவில்லை என்று பொருள்.

உண்மை: பெரும்பாலும் எங்கோ நரம்பு நசுங்குகிறது என்றே பொருள். எந்த விரல் என்று பாருங்கள்; விலாசம் அங்கே எழுதியிருக்கும். நள்ளிரவில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்து, கையை உதறினால் சரியாகிறதா? மணிக்கட்டில் மீடியன் நரம்பு நெருக்கப்படலாம். சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியுமா? முழங்கைப் பள்ளத்தைச் சந்தேகியுங்கள். கழுத்தைத் திருப்பும்போது தோளிலிருந்து வலி இறங்குகிறதா? வேரிலேயே சிக்கல் இருக்கலாம். ஆனால் திடீரென ஒரு பக்கக் கை சோர்ந்து, வாய் கோணி, பேச்சும் குழறினால் விரலை ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். அது பக்கவாதத்தின் அறிகுறி. அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம்பிக்கை: தொழுநோயில் விரல்கள் அழுகி உதிர்கின்றன.

உண்மை: அந்தக் கிருமி நரம்பைத் தாக்குகிறது, முழங்கையின் அல்நார் நரம்பு அதற்கு அடிக்கடி இரையாகும். விரல்கள் மடங்கி உணர்ச்சி போய்விடுவதால், சுடுவதும் வெட்டுவதும் தெரியாமல் ஆறாத புண்களாகின்றன. விரல்கள் சிதைவது அந்தப் புண்களால்தான். இதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முதன்மையானவர், கொல்லிமலையில் பிறந்து வேலூர் சிஎம்சியில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட். நல்ல நிலையிலுள்ள தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை அவர் மீண்டும் வேலை செய்ய வைத்தார்.

நம்பிக்கை: எக்ஸ்ரேயில் எலும்பு முறியவில்லை, கை தானாகத் தூக்க வந்துவிடும்.

உண்மை: எக்ஸ்ரேயில் நரம்பு தெரியாது. பைக்கிலிருந்து விழும்போது தலை ஒரு பக்கமும் தோள் மறு பக்கமும் இழுபட்டால், பின்னல் நைந்துபோகலாம். தண்டுவடத்திலிருந்து வேரே பிடுங்கிக்கொண்டும் வரலாம். வெறுமனே நைந்த நரம்பு பெரும்பாலும் தேறிவிடும். அறுந்ததோ தைத்தாலும் நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். கழுத்திலிருந்து உள்ளங்கைக்குப் போய்ச்சேர இரண்டு ஆண்டுகூட ஆகலாம். நரம்பில்லாத தசை அவ்வளவு காலம் காத்திருக்காது. ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் மீட்க முடியாதபடி சுருங்கிவிடும். அதனால்தான் முதல் ஆறு மாதம் பொன்னானது. பிடுங்கிய வேரைத் திரும்ப நட முடியாவிட்டாலும், விலா இடுக்கு நரம்பை இரவல் வாங்கி முழங்கையை மடக்க வைக்கிறார்கள். அல்நார் நரம்பில் ஓர் இழையை மட்டும் பிரித்துப் பைசெப்ஸ் தசைக்குக் கொடுக்கும் முறையை 1994-இல் வெளியிட்டவர் பிரான்சின் கிறிஸ்டோஃப் ஓபர்லின்.

நம்பிக்கை: பிறந்த குழந்தை ஒரு கையைத் தூக்கவில்லையா? சுளுக்குதான், உருவிவிட்டால் போதும்.

உண்மை: பிரசவத்தில் தலை வந்தபின் தோள் மாட்டிக்கொண்டால் பின்னலின் மேல் வேர்கள் இழுபடும். டூஷேன், எர்ப் என்ற மருத்துவர்கள் 1870-களிலேயே விவரித்த பாதிப்பு இது. பெரும்பாலான குழந்தைகளுக்கு வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ தானாகவே சரியாகிவிடும். அதற்கான பேரும் புகழும் பாட்டியின் எண்ணெய்க்குப் போகும். உருவிய பிறகும் எழாத கைகளைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை. மூன்று மாதமாகியும் குழந்தை முழங்கையை மடக்கவில்லை என்றால், நரம்பு அறுவை தெரிந்த மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

வலிக்கிற தசைக்கு எண்ணெய் தடவுங்கள், தவறில்லை. ஆனால் அடிபட்ட பின்போ பிறந்த பின்போ ஒரு கை துவண்டு தொங்கினால், அதை யாரும் இழுக்கவோ உருவவோ விடாதீர்கள். தேதியைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.