கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகும் முன்



திருமானூர் பக்கம் நெல்லுக்கும் பருத்திக்கும் மருந்து அடிக்கிற சமயத்தில் குழுவின் பவர் ஸ்பிரேயர் ஒருநாள் படுத்தால் அன்றைய வாடகை போச்சு. "புகை கக்குது, பெட்ரோல் குடிக்குது" என்றதும் யாராவது திருப்புளியை எடுத்து கார்புரேட்டரில் கை வைத்துவிடுகிறார்கள். முதலில் அது செய்யும் வேலையைத் தெரிந்துகொள்வோம்.

நம்ம விறகு அடுப்பு மாதிரிதான். விறகைத் திணித்து காற்றை அடைத்தால் புகையும். என்ஜினுக்குள் 1 கிராம் பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 15 கிராம் காற்று வேண்டும். அந்த அளவில் இரண்டையும் கலந்து அனுப்புவதுதான் கார்புரேட்டர்.

கலவை சரியா என்பதை பிளக் சொல்லும். வேலை முடிந்து சூடு ஆறியதும் கழற்றிப் பாருங்கள். முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக வெளுத்திருந்தால் காற்று அதிகம்.

கரி படிந்திருந்தாலும் உடனே ஸ்குரூவைத் தொடாதீர்கள். சிமெண்ட் லாரி ஓடும் நம்ம அரியலூர் ரோட்டுப் புழுதிக்கு ஏர் பில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஸ்பாஞ்ச் பில்டரை சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்துப் போடுங்கள். பாதிக் கோளாறு அதிலேயே தீர்ந்துவிடும்.

பிறகும் சரியாகவில்லை என்றால், மருந்து டேங்கை காலி செய்து, மெஷினை வெட்டவெளியில் தரையில் வையுங்கள். கொட்டகைக்குள் ஓட்டினால் அந்தப் புகை உயிருக்கே ஆபத்து. கலவை ஸ்குரூவை வலப்பக்கமாக மெதுவாகத் திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். இறுக்கினால் முனை கெட்டுவிடும். பழைய இடத்துக்கே திருப்பி, ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் சூடேற விடுங்கள். சோக் திறந்திருக்கட்டும். பிறகு ஸ்லோவில் வைத்து, கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருகி, கொஞ்சம் பொறுத்து சத்தத்தைக் கேளுங்கள். விட்டுவிட்டு அடிக்காமல் சீராக ஓடும் இடமே சரியான இடம்.

எந்தப் பக்கம் திருகுவது? இதில்தான் பலருக்கும் குழப்பம். ஸ்குரூ பில்டர் பக்கம் இருந்தால் அது காற்று ஸ்குரூ. உள்ளே திருகினால் காற்று குறைந்து பெட்ரோல் கூடும். என்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் ஸ்குரூ. உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். இன்னொரு ஸ்குரூ ஸ்லோ வேகத்தைக் கூட்டிக் குறைக்க மட்டும்தான். சில மெஷினில் அது மட்டுமே இருக்கும். முழு வேகத்தில் கோளாறு என்றால் அது ஜெட் சம்பந்தப்பட்டது, மெக்கானிக்கிடம் போங்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் விற்பனைக்கு வந்த புது மொபெட்டில் கார்புரேட்டரே கிடையாது, அதில் ஸ்குரூவைத் தேட வேண்டாம்.

பெட்ரோல் மிச்சமாகும் என்று காற்றைக் கூட்டி வைக்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஆயில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கு ஆயில் போவதே பெட்ரோலோடுதான். பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், என்ஜின் சூடாகி பிஸ்டன் சீஸ் ஆயிடும். மிச்சம் பிடித்த பெட்ரோல் காசு பிஸ்டன் வாங்கக் காணாது. லிட்டருக்கு எத்தனை மில்லி ஆயில் என்பதை மெஷினோடு வந்த புத்தகத்தில் பார்த்து, டேங்கிலேயே பெயிண்டால் எழுதி வையுங்கள்.

இப்போது பங்க் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. அது ஈரத்தை இழுக்கும். அறுவடைக்குப் பிறகு மெஷினை மூலையில் வைக்கும்போது டேங்கை வடித்துவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள்.