பிணைப்பு மாறும் கலை

ஏனாத்தூரை அடுத்த காஞ்சிபுரத்தில் பட்டு நெய்வோர், சேலையின் முந்தானைக்கு வேறு நிறம் வேண்டுமெனில், உடற்பகுதியின் பாவிழைகளோடு புதிய பாவிழைகளைக் கோத்து நெய்து, பின்னர்ப் பழையவற்றை நீக்குவர். இழை மாறினும் நெசவு அறுபடுவதில்லை.

மூலக்கூறுகளிலும் இத்தகைய மாற்றம் உண்டு. இரண்டு ஆல்கீன்கள் தம் கார்பன் இரட்டைப் பிணைப்பின் பாதிகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்வதே ஒலிஃபீன் மெட்டாதிசிஸ். உலோகக் கார்பீன் வினையூக்கி இதனை நிகழ்த்தும் முறையை, 1971இல் பிரெஞ்சு அறிஞர் ஈவ் ஷோவன் விளக்கினார். பின்னர் ரிச்சர்ட் ஷ்ராக் மாலிப்டினத்தையும், ராபர்ட் கிரப்ஸ் ருத்தேனியத்தையும் கொண்டு ஆற்றல்மிக்க வினையூக்கிகளைப் படைத்தனர். மூவரும் 2005இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

நார்போர்னீன் போன்ற இறுக்கமுற்ற வளையங்கள், இவ்வினையால் திறந்து நீண்ட பல்லுறுப்பிகளாகின்றன. வினையூக்கி கட்டுக்குள் இல்லையெனில், தான் கோத்த சங்கிலியையே வெட்டிவிடும், நீளங்கள் சீர்குலையும். ஆகவே வளையத்தோடு விரைந்தும், சங்கிலியோடு மிக மெதுவாகவும் வினைபுரியும் வினையூக்கியே தேர்ந்தெடுக்கப்படுகிறது. சங்கிலிகள் அனைத்தும் ஒருங்கே தொடங்கினால், அவை ஏறத்தாழ ஒரே நீளமாக வளரும். ஒரு வினையூக்கி மூலக்கூறுக்கு 100 வளையங்கள் எனில், ஒரு சங்கிலிக்குச் சராசரியாக 100 கண்ணிகள் அமையும்.

முதல்வகை வளையங்கள் தீர்ந்தபின் வேறுவகையைச் சேர்த்தால், அதே சங்கிலி புதிய பண்போடு தொடர்ந்து நீளும். உடலைத் தொடரும் முந்தானை போல. இறுதியில் எத்தில் வினைல் ஈதரைச் சேர்த்து, சங்கிலியிலிருந்து ருத்தேனியத்தை விடுவிப்பர். தொடங்கும் நேரமும் முடிக்கும் நேரமும் அறிந்த கையே தறியிலும் ஆய்வகத்திலும் சிறக்கிறது.