எச்சில் மாதிரி எடுக்கப் போகும் பிள்ளைகளுக்கு

ஈக்காட்டுத்தாங்கலில் வீடு தேடிப்போய், கீமோ எடுப்பவர்களின் மன அழுத்தத்தை எச்சிலில் அளக்கக் கிளம்பும் புதியவர்களுக்குச் சொல்கிறேன்.

1. முதலில் நேரத்தை எழுதுங்கள். எச்சிலில் நாம் தேடும் கார்ட்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோன் விடியற்காலையில் ஏறும், எழுந்து அரைமணி வாக்கில் உச்சிக்குப் போகும், இரவில் அடங்கும். நேரம் எழுதாத மாதிரி குப்பைக்குத்தான். பெங்களூரு விவேகானந்த யோகா நிறுவனத்தார் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கதிர்வீச்சு எடுத்துக்கொண்ட மார்பகப் புற்றுநோய்ப் பெண்கள் 88 பேரிடம் காலை 6, 9, இரவு 9 என மூன்று வேளை எடுத்தார்கள். யோகா செய்தவர்களுக்குக் காலை 6 மணி அளவு குறைந்திருந்தது. இரவு மட்டும் எடுத்திருந்தால் அது தெரிந்திருக்குமா?

2. மாத்திரைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். வாந்தியையும் ஒவ்வாமையையும் தடுக்கக் கீமோவோடு டெக்ஸாமெத்தசோன் கொடுப்பார்கள். அந்த ஸ்டீராய்டு, உடம்பு தானே சுரக்கும் கார்ட்டிசாலை அமுக்கிவிடும். எண் இறங்கியிருப்பதைப் பார்த்து, "அம்மா நிம்மதியாக இருக்கிறார்" என்று எழுதினால் அது பொய். அந்த அம்மா இரவெல்லாம் விழித்திருப்பார். அடுத்த கீமோவுக்கான மாத்திரை தொடங்குமுன் எடுங்கள். ஆஸ்துமா இன்ஹேலர் உண்டா என்றும் கேளுங்கள்.

3. வாயைப் பாருங்கள். கீமோவில் வாய் புண்ணாகும், ஈறில் ரத்தம் கசியும். ரத்தம் கலந்தால் அளவு பொய்யாக ஏறும். சிவந்த மாதிரி வேண்டாம். வறண்ட வாயில் பஞ்சைத் திணிக்காதீர்கள். எலுமிச்சை நக்கினால் ஊறும் என்பார்கள். புளிப்பு பரிசோதனையைக் கெடுக்கும், புண்ணையும் எரிக்கும். ஊறும்வரை காத்திருந்து, தானாகக் குழாயில் வடியவிடச் சொல்லுங்கள். அடுத்தவர் முன்னால் துப்பக் கூச்சப்படுவார்கள், நீங்கள் திரும்பி நில்லுங்கள்.

4. மாதிரி எடுப்பதற்கு அரைமணி முன்பிருந்து காப்பி, பல் துலக்கல், வெற்றிலை எதுவும் கூடாது.

5. உங்களுக்குச் சளி, காய்ச்சல் என்றால் போகவே போகாதீர்கள். அவர்களுக்கு வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் காலம் அது.

6. நூறடி சாலை நெரிசலில் வெயில் ஏறும். மாதிரியை வைக்க ஐஸ் பெட்டி இல்லாமல் கிளம்பாதீர்கள்.

7. வாய்விட்டுச் சொல்வதையும் எழுதுங்கள். கார்ட்டிசால் ஏறியிருப்பது தெரியும். பணக்கவலையா, வலியா, பிள்ளையின் படிப்பா என்பது தெரியாது. கவலையைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லச் சொல்லுங்கள். நாலோ அதற்கு மேலோ என்றால் கவனிக்க வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் மனநலத்துக்கென்றே தனித்துறை இருக்கிறது. ஒருவர் "தாங்க முடியலை" என்றால் பரிசோதனை முடிவு வரட்டும் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே அவருடைய டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.